கண்ணாடிக்கு வைத்த பொட்டு

சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் பதினோரு வருஷம் இருந்தேன். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வெல்டிங்ல இருக்கேன்" என்று சொன்னேன். அது முழுப் பொய் இல்லை. வெல்டிங் நடக்கிற இடத்தில்தான் இருந்தேன். வெல்டர் உட்கார்ந்து பற்ற வைப்பார். நான் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரைக் கையில் பிடித்தபடி மூன்றடி தள்ளி நிற்பேன். பொறி எங்கே விழுகிறது, எதில் பற்றுகிறது என்று கவனிக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது, தரையைப் பார்க்க வேண்டும். தரையைப் பார்த்ததற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அதிலும் ஆர்கான் வெல்டிங் என்று ஒன்று உண்டு. டிக் வெல்டிங் என்றும் சொல்வார்கள். எவர்சில்வர் குழாய்களுக்கெல்லாம் அதுதான். ஒரு கையில் பற்ற வைக்கிற டார்ச், மறு கையில் கம்பி, ஆர்கான் வாயு மெல்ல ஊதிக்கொண்டிருக்க, சத்தமே இல்லாமல் இரும்பு உருகி ஒட்டும். பொறி என்று ஒன்று விழவே விழாது. அந்த நாட்களில் நான் நின்றபடியே தூங்கியிருக்கிறேன். ஊருக்கு வந்து அதையே கற்றுக்கொள்ள வேண்டி வரும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் முழித்திருப்பேன்.

வினை ஒரு போட்டோவில் ஆரம்பித்தது. நான் யாருக்கு அருகில் நின்றேனோ, அந்த வெல்டர் பங்களாதேஷ்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் போன புதிதில் ஒருநாள் அவர் முகமூடியை இறக்கி, கையுறை மாட்டி, வெளிச்சம் பளீரென்று அடிக்க வேலை செய்வதைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. அவள் அது நான்தான் என்று எடுத்துக்கொண்டாள். ஆலங்குடிக்குப் போய்ப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, ஹாலில் மாட்டிவிட்டாள். போனில் அதைச் சொன்னபோது திருத்தியிருக்கலாம். "நல்லா வந்திருக்கா?" என்று கேட்டேன்.

வெல்டர்களுக்கு நாற்பது வயதுக்குள் கண் போய்விடும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். நம்ம ஊரில் இப்படிச் சொல்வதற்கென்றே ஆட்கள் உண்டு. அவள் நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். என் கண்ணுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. நான் நல்ல கண்ணோடு திரும்பி வந்து, என் கையாலேயே வெல்டிங் வைத்து ஒரு சூலம் செய்து கோயிலில் நட வேண்டும். அதுவரைக்கும் செவ்வாய்க்கிழமைகளில் அவள் உப்பில்லாமல் சாப்பிடுவாள். குளித்துவிட்டு வந்து போட்டோவில் அந்த முகமூடிக் கண்ணாடியின் மேல் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இதெல்லாம் எனக்கு வேலையை விட்டு ஊருக்கு வந்த முதல் செவ்வாய்க்கிழமைதான் முழுதாகத் தெரிந்தது. அவள் தட்டிலிருந்து தெரியாத்தனமாக ஒரு வாய் எடுத்துப் போட்டேன். சாம்பார் வெறும் புளித்தண்ணீராக இருந்தது. பதினோரு வருஷம் செவ்வாய்தோறும் இதையா தின்றாள்?

"ஆத்தா கண்ணக் காப்பாத்திக் குடுத்துட்டா. சூலத்த எப்பங்க செய்யப் போறீங்க?" என்றாள்.

"செஞ்சிருவோம்" என்றேன்.

முதலில் குறுக்கு வழியைத்தான் யோசித்தேன். ஆலங்குடியில் ஒரு பட்டறைக்குப் போய், சூலம் ஒன்று செய்து தர முடியுமா என்று பூசி மெழுகிக் கேட்டேன். பட்டறைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அண்ணே, நீங்க சிங்கப்பூர் கை. நாங்க செய்யலாமா? மதினி இங்கிட்டு வந்தப்பவே சொல்லிட்டாங்க, ஒங்க கையாலதான் செய்யணும்னு. ஒரு நாளைக்கு நீங்க இங்க வந்து எங்க பயலுகளுக்குச் செஞ்சு காட்டணும்ணே."

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

வேறு வழியில்லாமல் புதுக்கோட்டையில் ஒரு சின்ன டிக் மிஷினும் ஒரு ஆர்கான் சிலிண்டரும் எடுத்து வந்தேன். மாடு இல்லாத மாட்டுக் கொட்டகைதான் பட்டறை. மனைவி விடுவாளா? சிலிண்டரைக் கழுவி, மஞ்சள் தடவி, மூன்று இடத்தில் பொட்டு வைத்து, கழுத்தில் மாலை போட்டாள். எதிரே தேங்காய் உடைத்துச் சூடம் ஏற்றினாள். சிலிண்டர் பக்கத்தில் நெருப்பைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பதினோரு வருஷப் பழக்கம். பக்கத்து வாளித் தண்ணீரைத் தூக்கி அப்படியே ஊற்றிவிட்டேன்.

சூடத் தட்டு, தேங்காய், அவள் கால் எல்லாம் நனைந்தது. அவள் என்னையே பார்த்தாள். ஆர்கான் தீப்பிடிக்காத வாயு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. "கம்பெனி ரூல்ஸ்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் மறுபடி சூடம் ஏற்றினாள். இந்த முறை என் இரண்டு கையையும் கூப்பி வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

படிப்பு போனில்தான். வெல்டிங் வீடியோக்களைச் சத்தம் இல்லாமல் பார்ப்பேன். சத்தம் வைத்தால் சிங்கப்பூர் வெல்டர் எதற்கு வெல்டிங் பாடம் கேட்கிறார் என்று வீட்டில் கேள்வி வரும். அந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு முறையும் தகட்டைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். சாப்பிடுவதற்கு முன் நாம் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைப்பது மாதிரி ஏதோ ஒரு மரியாதை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

முதல் பாடம், இரண்டு தகட்டுத் துண்டுகளை ஒட்டுவது. டார்ச்சின் நுனியில் பென்சில் மாதிரி சீவிய டங்ஸ்டன் கம்பி இருக்கும். அது தகட்டில் படாமல் அரிசி கனத்துக்கு மேலே நிற்க வேண்டும். வெளிச்சம் வந்ததும் சின்னக் குளம் மாதிரி இரும்பு உருகும். அந்தக் குளத்தைத்தான் பார்க்க வேண்டும். எனக்கோ வெளிச்சம் வந்ததும் தலை தானாகத் தரைப் பக்கம் திரும்பியது. பொறி எங்கேயாவது விழுந்ததா என்று கொட்டகை முழுக்கப் பார்த்துவிட்டுத் திரும்பினால் டங்ஸ்டன் தகட்டில் குத்தி ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்து, மறுபடி சீவி, மறுபடி பற்ற வைத்தால் மறுபடி தலை தரைக்குப் போகும். என் கழுத்தை நானே திட்டிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் இங்கே மிஷின் மூச்சு வாங்கும்.

ஒரு வாரத்தில் தலை கொஞ்சம் வசத்துக்கு வந்தது. சின்னச் சின்னச் சாமான்களாகச் செய்தேன். ஆறு சதுரத் தகட்டை ஒட்டி ஒரு பெட்டி செய்தேன். திறக்கவும் முடியாது, மூடவும் வேண்டாம். கற்றுக்குட்டிகள் எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். மனைவி அதை ஷோகேஸில் வைத்து, வந்தவர்களிடம் "சிங்கப்பூர் மாடல்" என்றாள். வந்தவர்களும் கையில் எடுத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் தலையை ஆட்டினார்கள். அடுத்து ஒரு சோப்பு டப்பா. தண்ணீர் வடிய ஓட்டை போட மறந்ததால் சோப்பு அதில் நீந்தியது. பிறகு ஆறு டீ கிளாஸ் வைக்கிற தூக்கு. மூன்று கிளாஸ்தான் உள்ளே போனது. மீதி மூன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மாம் பெரிய கப்பல ஒட்டுனவரு, இதையா ஒட்ட முடியல?" என்றாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கை விட்டுப்போச்சு. வந்துரும்."

அளவு தப்பியது என் மடத்தனம். ஆனால் ஒட்டின இடம் ஏன் இப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. வீடியோவில் எல்லாருக்கும் தங்க நிறத்தில் வரி வரியாக அழகாக வந்தது. எனக்குக் கரிப்பிடித்து, அரித்த பல் மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. கரண்டைக் கூட்டினேன், குறைத்தேன். வாயுவைக் கூட்டினேன், குறைத்தேன். கடைசியில் ஆர்கானில்தான் கலப்படம் என்று முடிவு கட்டி, ஒட்டின துண்டுகளையும் ஒட்டாத ஒன்றிரண்டையும் பையில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டை கேஸ் கடைக்குச் சண்டைக்குப் போனேன்.

கடைக்காரர் நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். இன்னும் வெல்டிங் வைக்காத ஒரு துண்டையும் எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"என்னண்ணே, சந்தன வாசம் அடிக்குது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் அன்றைக்கு வேலை செய்யப்போகும் தகடுகளை மஞ்சள் தண்ணீரில் கழுவி, பளபளப்பாக இருக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, இரண்டு தகடும் சேரும் இடத்தில் சரியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தருவாள். சேருமிடம்தானே முக்கியம். நானும் தோளில் கிடக்கிற துண்டால் மேலோட்டமாக ஒரு தடவு தடவிவிட்டுப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன்.

"அசிட்டோன் தொட்டுத் தொடைங்க. தொடைச்சப்புறம் வெரல்கூட படக் கூடாது" என்றவர், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சிங்கப்பூர்லயா இருந்தீங்க?"

"அங்க தொடைக்கிறதுக்குத் தனி ஆளு" என்றேன்.

வீட்டுக்கு வந்து பக்குவமாகச் சொன்னேன். "தகட்டுல பொட்டு வைக்காத. வேல முடிஞ்சப்புறம் வச்சுக்க."

"தொடங்குறப்பதான வைப்பாக? முடிஞ்சப்புறம் வச்சா என்ன அர்த்தம்?"

"அப்ப மிஷினு, சாமான் எதுலயாவது வச்சுக்க."

இதைச் சொன்ன வாயை என்ன செய்வது என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன்.

துடைத்த தகட்டில் வெல்டிங் வந்தது. தங்க வரி வந்தது. போன் வைக்கிற ஸ்டாண்டு ஒன்று செய்தேன், ஆடாமல் நின்றது. கொட்டகையில் யாரும் இல்லாதபோது அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். பதினோரு வருஷம் பக்கத்தில் நின்றும் தெரியாதது, நாற்பத்தெட்டு வயதில் ஒரு போன் ஸ்டாண்டில் தெரிந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

சூலத்துக்கான எவர்சில்வர் குழாயும் மூன்று இலைகளும் வெட்டி வைத்தேன். வருகிற செவ்வாய் நடுவதாகப் பூசாரியிடம் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஹெல்மெட்டின் கண்ணாடி சாதாரணமாகத் தெளிவாக இருக்கும். வெல்டிங் வெளிச்சம் பட்டதும் தானாகக் கறுத்துவிடும். அன்றைக்குக் கறுக்கவில்லை. பற்ற வைத்ததும் கண்ணில் பளீரென்று அறைந்தது. இரண்டு மூன்று முறை பார்த்தேன். ஹெல்மெட் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். புதிது வாங்கப் போனால் செவ்வாய் தப்பிவிடும். தப்பினால் அவளுக்கு இன்னும் ஒரு உப்பில்லாத நாள். நான்கைந்து இடத்தில் பொட்டுப் பொட்டாகப் பிடிக்க வைத்தால் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தேன். குறி பார்த்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, டார்ச்சை அழுத்தினேன்.

கண்ணை மூடிக்கொண்டு இலையை நேராக நிறுத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் நடுநடுவே கொஞ்சம் திறந்து பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் கண்ணில் கைநிறைய மணலை அள்ளிப் போட்டது மாதிரி ஆகிவிட்டது. திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. தண்ணீராக ஊற்றியது. கட்டிலில் படுக்க வைத்து ஈரத்துணி போட்டாள். கொட்டகைக்குப் போய் ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொன்னேன். எடுத்து வந்து கையில் கொடுத்தாள். கண்ணாடிக்கு மேலே, நெற்றி மாதிரியான இடத்தில், இரண்டு சின்ன வட்டம் உண்டு. வெளிச்சம் வந்ததை அந்த இரண்டும்தான் பார்த்துக் கண்ணாடிக்குச் சொல்லும். நான் விரலால் தடவினேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. இரண்டு வட்டத்திலும் அளவெடுத்தது மாதிரி வைத்திருந்தாள்.

நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பொட்டுதான் காரணம் என்று அவளுக்குத் தெரியாது. அழுதது வேறொன்றுக்கு.

"போன செவ்வாக்கெழம மறந்தாப்புல நாரத்தங்கா ஊறுகாய நாக்குல வச்சுட்டேன். துப்பிட்டேன். ஆனாலும் உப்புதான? அதான் ஆத்தா இப்படிச் செஞ்சுட்டா. பதினோரு வருஷம் காத்த கண்ண நானே கெடுத்துட்டேனே."

எத்தனையோ சமாளிப்புகள் செய்தவன் நான். ஒரு நக்கு ஊறுகாய்க்காக அவள் தன்னையே திட்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு கிடக்க முடியவில்லை. கண் மூடியிருந்தது ஒரு வகையில் வசதி, அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு சிலிண்டர், தரை, நின்றபடி தூங்கியது, சத்தமில்லாத வீடியோ, எதையும் விடவில்லை.

சொல்லி முடித்தேன். எழுந்து போய்விட்டாளோ என்று கையை நீட்டித் தடவினேன். அங்கேதான் இருந்தாள்.

"அப்ப அந்தப் போட்டோவுல இருக்குறது யாரு?"

"அது வேற ஆளு. பங்களாதேஷ்காரரு."

"பதினோரு வருஷமா வேத்து ஆம்பளைக்கா பொட்டு வச்சுக்கிட்டு இருந்தேன்?"

"மூஞ்சிதான் மூடியிருந்துச்சே" என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் புதுக்கோட்டைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். சொட்டு மருந்து கொடுத்து, இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும், ஒரு வாரம் வெல்டிங் பக்கம் போகாதே என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் அவள் பெண்கள் சீட்டில் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்சீட்டில் குருட்டுப் பிச்சைக்காரன் மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். திருவரங்குளத்தில் பஸ் நின்றபோது எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆளுக்குக் கண்ணு இப்ப எப்படியிருக்கு?"

"எந்த ஆளு?"

"போட்டோவுல இருக்கவரு."

எனக்குத் தெரியாது. அவர் எனக்கு முன்பே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்.

"கேளுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வீடியோ காலில் கூப்பிட்டேன். ஏதோ வாத்துகள் கத்துகிற வாசலில் உட்கார்ந்திருந்தார். தாடி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பட்டறையில் கற்றுக்கொண்ட தமிழில் "பாய், சாப்டாச்சா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"கண்ணக் கிட்டக்கக் காட்டச் சொல்லுங்க."

தமிழும் இந்தியும் இங்கிலீஷுமாகக் கலந்து சொன்னேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. போனைக் கண்ணருகே கொண்டுபோனார். திரை முழுக்க ஒரு கண். அவள் அதை நிதானமாகப் பார்த்தாள். அடுத்த கண்ணையும் காட்டச் சொன்னாள். அதையும் பார்த்தாள்.

"எத்தன வருஷமா வெல்டிங் பண்ணாராம்?"

முப்பது வருஷம் என்றார்.

"கண்ணாடி போடுவாராமா?"

இல்லை என்றார்.

"ஊசியில நூலு கோக்கச் சொல்லுங்க."

இதைக் கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு அவளிடம் முடியாது என்று சொல்கிற நிலையில் நான் இல்லை. கேட்டேன். அவர் சிரித்தார். உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். அவர் மனைவி ஊசியும் நூலும் கொண்டுவந்தார். பின்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். இங்கே நானும் இவளும், அங்கே அவர்கள் அத்தனை பேரும், மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். அவர் நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசியைத் தூக்கிப் பிடித்து, ஒரே தடவையில் கோத்துவிட்டார்.

மனைவி திரையில் அவர் முகத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். போனை என்னிடம் கொடுத்தாள்.

"ஆத்தா ஏமாத்தல. போட்டோவுல யாரு இருந்தாகளோ அவுக கண்ணப் பாத்துக்கிட்டா. நீங்கதான் அதுல இல்ல."

அடுத்த வாரம் கண் தெளிந்தது. சூலத்தை முடித்தேன். ஹெல்மெட்டைச் சுத்தமாகத் துடைத்து அவளே கொடுத்தாள். வாளித் தண்ணீரோடு மூன்றடி தள்ளி நின்றாள். வெளிச்சத்தைப் பார்க்காதே, தரையைப் பார் என்றேன். "தெரியும்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு வைத்த நடு இலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. அதை வெட்டி நேராக்கட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை கோயிலில் நட்டோம். பூசாரி எலுமிச்சம்பழம் குத்தினார்.

அன்றைக்கு மத்தியானம் அவள் தன் தட்டில் சாம்பாரை ஊற்றி, அதற்கு மேல் உப்பை அள்ளித் தூவிக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டாள். எனக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள். ஒரு வாய் வைத்ததும் தெரிந்தது. கிண்ணத்தைக் காலி செய்தேன்.

இப்போது ஆலங்குடிப் பட்டறைக்காரர் எவர்சில்வர் வேலை வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புகிறார். கைப்பிடி, கேட், தண்ணீர்த் தொட்டி, எல்லாம் செய்கிறேன். போட்டோ ஹாலில் அதே இடத்தில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அந்தக் கண்ணாடிக்குப் பொட்டு வைக்கிறாள். மத்தியானம் எனக்கு உப்பில்லாத சாம்பார் வருகிறது.